வீட்டு மெஷினில் 152, டாக்டரிடம் 138: எதை நம்புவது?

செல்வி, மதுரை
அப்பாவுக்கு 71 வயது. காலையில் வீட்டு பேட்டரி மெஷினில் பி.பி. 152/94. அன்று சாயங்காலமே டாக்டர் பாதரச மெஷினில் பார்த்து 138/84 என்று எழுதினார். மெஷினைக் கடையில் திருப்பிக் கொடுத்துவிடலாமா? இன்னொரு சந்தேகம்: பாதரசமே இல்லாத மெஷினிலும் ஏன் ‘மி.மீ. பாதரசம்’ கணக்கு?

பழைய மெக்கானிக்
ஆஸ்பத்திரிகளுக்கு பி.பி. அப்பரட்டஸ் ரிப்பேர் பார்த்தவன்மா நான். அவசரப்பட்டுத் திருப்பிக் கொடுக்காதீங்க. முதல்ல அப்பாவோட மேல்கையை டேப்பால சுத்தி அளந்து, கஃப்ல, அதாவது கையில சுத்துற பட்டையில, அச்சடிச்சிருக்கிற அளவோட ஒத்துப்பாருங்க. கைக்குச் சின்ன கஃப்னா எண் கூடத்தான் வரும். கையை மடியில போட்டுக்கிட்டுப் பார்க்கிறாரா? இதய மட்டத்துக்கு 10 செ.மீ. கீழே இருந்தாலே 7, 8 கூடிடும்.

அப்புறம், ரெண்டும் வேலை செய்யற விதமே வேற. டாக்டர் காதால கேட்கிறார். உங்க மெஷினுக்குக் காது கிடையாது. காத்து இறங்கும்போது நாடி துடிச்சு கஃப்ல வர்ற அதிர்வைப் பிடிக்குது. அதிர்வு உச்சத்துக்குப் போற இடம் சராசரி அழுத்தம். மேல் எண், கீழ் எண் ரெண்டும் அந்த அதிர்வை வெச்சுப் போட்ட கணக்கு. கம்பெனிக்குக் கம்பெனி கணக்கு மாறும், வெளியே சொல்லவும் மாட்டாங்க.

பாதரச மெஷினையும் கண்ணை மூடி நம்ப முடியாது. குழாய் உச்சியில காத்து போய்வர ஒரு ஃபில்டர் உண்டு. அது தூசியில அடைச்சா பாதரசம் தயங்கித் தயங்கி இறங்கும். கஃப் காலியா இருக்கும்போதே 4-ல நிக்கிற மெஷினெல்லாம் என் மேஜைக்கு வந்திருக்கு. ஸ்கேல்ல கோடு 2, 2-ஆத்தான் இருக்கும். ஆனா சீட்டுல 135-னு எழுதியிருப்பாங்க!

பாதரசம் ஏன்னு கேட்டீங்களே. ஸ்டீபன் ஹேல்ஸ்னு ஒரு ஆங்கிலேயப் பாதிரியார் குதிரையோட தமனியில குழாய் செருகிப் பார்த்து 1733-ல எழுதினார். கண்ணாடிக் குழாயில ரத்தம் 8 அடி 3 அங்குலம் ஏறிச்சு. அதை எந்த கிளினிக்ல நிறுத்தி வைக்கிறது? பாதரசம் தண்ணியைவிட 13.6 மடங்கு கனம், அளவு ஒரு முழத்துக்குள்ள அடங்கிடும். இப்போ விஷம்னு பாதரசத்தை ஒதுக்குறாங்க. அளவு மட்டும் அப்படியே நிக்குது.

நர்ஸிங் மாணவி
டாக்டர் பார்த்த 138-ம் குறைவாக இருக்கலாம் அக்கா. 1896-ல் இத்தாலியில் ரிவா-ரோச்சி கஃப் கொண்டுவந்தபோது நாடியைத் தொட்டு மேல் எண் மட்டும்தான் பார்த்தார்கள். ஸ்டெதஸ்கோப் வைத்து நாடிச் சத்தத்தைக் கேட்பது 1905-ல் ரஷ்ய சர்ஜன் கொரோட்கோவ் சொன்னது. வயதான சிலருக்குக் காற்று இறங்கும்போது அந்தச் சத்தம் நடுவில் கொஞ்ச தூரம் காணாமல் போய்த் திரும்ப வரும். காற்றைக் குறைவாக ஏற்றினால் இரண்டாவதாக வரும் சத்தத்தை முதல் சத்தம் என்று எடுத்துக்கொண்டு மேல் எண்ணைக் குறைவாக எழுதிவிடுவோம். அதனால்தான் நாடி நின்ற இடத்துக்கு மேல் இன்னும் 30 ஏற்றச் சொல்கிறார்கள்.

செல்வி, மதுரை
அளந்தேன். கை 34 செ.மீ., கஃப்பில் 22–32 என்று இருக்கிறது! பெரிய கஃப் மட்டும் தனியாகக் கிடைக்குமா?

பழைய மெக்கானிக்
கிடைக்கும்மா, அதே கம்பெனியில அந்த மாடலுக்குன்னு கேட்டு வாங்குங்க. வேற கம்பெனி கஃப் ட்யூப்ல மாட்டிக்கும், ஆனா கணக்கு உதைக்கும். வாங்கினதும் மெஷினை டாக்டர்கிட்டயே எடுத்துட்டுப் போய், ஒரே கையில, நடுவுல ஒரு நிமிஷம் விட்டு, மாத்தி மாத்திப் பார்க்கச் சொல்லுங்க. அதுவரைக்கும் மாத்திரையில கை வைக்காதீங்க.