“ஐஞ்சு விட்டம் காணும்” எண்டவருக்கு

சோழகன்: மின்சாரக் காத்தாடிக்குப் பின்னால 5 விட்டம் (இறக்கை சுத்துற வட்டத்தின்ர விட்டத்தைப் போல 5 மடங்கு) தள்ளி அடுத்ததை நட்டால் காணும், காத்து பழைய வேகத்துக்கு வந்திடும் எண்டு பூநகரிக் காத்தாடித் திரியில ஒருத்தர் எழுதியிருக்கிறார். பின்னால காத்து எவ்வளவு மெலியும் எண்டு சொல்லுற ஜென்சன் கணக்கைப் போட்டுப் பாருங்கோ. உதைப்புக் குணகம் (காத்தாடி காத்தை எவ்வளவு தடுக்குது எண்ட அளவு) 0.8, தரைக்குத் தேய்வு மாறிலி (மெலிஞ்ச காத்து எவ்வளவு கெதியாப் பரந்து ஆறுது எண்ட அளவு) 0.075. 5 விட்டத்தில வேகம் 18 வீதம் குறையும். வலு வேகத்தின்ர மூண்டாம் அடுக்கு, அப்ப 45 வீதம் போச்சு. இதுவோ பழைய வேகம்?

பொறி_வடமராட்சி: எழுதினது நான்தான், பேர் சொல்லியே கேட்டிருக்கலாம். செக்கனுக்கு 14 மீற்றர் அடிச்சால் முன்னுக்கு நிக்கிறது இறக்கையைத் திருப்பி உதைப்பைக் குறைச்சிடும். பின்னுக்கு நிக்கிறதுக்கும் முழு வலு வரும். 5 விட்டம் காணும்.

சோழகன்: 14 மீற்றர் வருசம் முழுக்க அடிக்குமோ? 7க்கும் 10 மீற்றருக்கும் இடையில வீசேக்கதான் இந்த நட்டம் விழும். இன்னொண்டு, பூநகரிக்குச் சோழகம் (தென்மேல் காத்து) கடலால வருது. கடலுக்கு மாறிலி 0.05. இப்ப போடுங்கோ: வேகம் 25 வீதம் குறைவு, வலு 57 வீதம் நட்டம். தரைக் கணக்கால உங்களுக்குச் சலுகை தந்தனான்.

பொறி_வடமராட்சி: உந்தக் கணக்கு காத்து நேர்கோட்டில வந்தால் மட்டும். கொஞ்சம் சரிஞ்சால் வேக் (காத்தாடிக்குப் பின்னால வாற மெலிஞ்ச காத்து) விலகிப் போயிடும்.

வாடை: அண்ணை, பாதி விலகினால்தான் ஆபத்து. பின்னுக்கு நிக்கிற ரோட்டரின்ர (சுத்துற இறக்கைத் தொகுதியின்ர) ஒரு பக்கம் மெல்லிய காத்து, மற்றப் பக்கம் முழுக்காத்து. ஒவ்வொரு சுத்திலயும் இறக்கை அடியில விசை ஏறி இறங்கும். பெயரிங், கியர் பொக்ஸ் எல்லாம் களைச்சுப் போகும்.

பொறி_வடமராட்சி: கொந்தளிப்புத்தானே வெளிக்காத்தை உள்ள இழுத்து வேக்கை ஆத்துது!

சோழகன்: பகல்ல. இரவில காத்து அடுக்கடுக்கா அமைதியா நிக்கேக்க வேக் நீண்டு கிடக்கும். மன்னார் தம்பபவனிக் காத்தாலையில 30 காத்தாடி, 103.5 மெகாவாற், தெற்குக் கரை வழிய காத்துக்குக் குறுக்க நிக்குது. ஒண்டுக்குப் பின்னால ஒண்டாய் 5 விட்டத்தில ஏன் நடேல்லை எண்டு யோசியுங்கோ.

பொறி_வடமராட்சி: அங்க காணி அப்பிடி. போன மாதம் எந்தக் காத்தாடியும் தாண்டேலாத பெட்ஸ் எல்லை 59.3 வீதத்தைக் காத்தாடியின்ர செயற்திறன் எண்டு எழுதின ஆளோ எனக்குப் படிப்பிக்கிறது?

சோழகன்: அது “உச்சம்” எண்டு எழுதினது. வாசிக்கத் தெரியவேணும்.

வாடை: முன் காத்தாடியைக் கொஞ்சம் திருப்பி வேக்கை ஒதுக்கலாம் எண்டதை ஒருத்தரும் கதைக்கேல்லை.

சோழகன்: தம்பி, அதைப் பிறகு பாப்பம். 5 விட்டத்துக்கு அவர் இன்னும் ஒரு இலக்கமும் காட்டேல்லை.

பொறி_வடமராட்சி: 5 காணும்.