மோரிஸ் மைனர் 1965: சாவியைத் திருப்பினால் ஒரு "டிக்", அப்புறம் மொத்தமும் அவுட்

பச்சை மைனர் (தோ பாயோ):

வணக்கம். என்னுடையது 1965 மோரிஸ் மைனர் 1000, பாசிட்டிவ் எர்த் (பேட்டரியின் பிளஸ் பாடியில் சேரும் முறை), டைனமோ (பேட்டரிக்குச் சார்ஜ் தரும் ஜெனரேட்டர்) எல்லாம் அப்படியே இருக்கிறது. சிங்கப்பூரின் கிளாசிக் (பழைய வண்டி) திட்டத்தில் பதிந்த வண்டி என்பதால் வருடத்துக்கு 45 நாள்தான் ஓட்ட முடியும். மற்ற நாளெல்லாம் வீடமைப்பு வளர்ச்சிக் கழகப் (வீவக) பலமாடி நிறுத்துமிடத்தில் உறை போட்டுக் கிடக்கும்.

சனிக்கிழமை அப்பாவைத் தேக்காவுக்குக் கூட்டிப்போகலாம் என்று சாவியைப் போட்டேன். சிவப்பு விளக்கு எரிந்தது. ஸ்டார்ட் பக்கம் திருப்பினேன். "டிக்" என்று ஒரே சத்தம், அதோடு சரி. சிவப்பு விளக்கு இல்லை, ஹார்ன் இல்லை, முகப்பு விளக்கு இல்லை. கீழே போய் ஒரு தே குடித்துவிட்டு வந்து பார்த்தால் விளக்கு எரிகிறது! மறுபடி திருப்பினால் மறுபடி டிக், மறுபடி இருட்டு.

பேட்டரி முனையில் மீட்டர் வைத்தேன், 12.6 காட்டுகிறது. இரண்டு பியூஸும் நன்றாக இருக்கின்றன. உதவிக்கு வந்தவர் ஜம்ப் பேக்கை (வண்டியைக் கிளப்ப உதவும் கையடக்க பேட்டரி) திறந்தார். பேட்டரியின் பிளஸ் வயர் பாடியில் போய் முடிவதைப் பார்த்ததும் மூடி எடுத்துக்கொண்டு போய்விட்டார். வயரிங்கை மொத்தமாக மாற்றச் சொல்கிறது ஒரு பட்டறை. டேஷ்போர்டைக் கழற்றி இக்னிஷன் சுவிட்சைப் பார்க்கட்டுமா?

வெஸ்பா ரசிகன்:

பேட்டரி போயிருக்கும் ப்ரோ, மாத்திடுங்க. இல்லாவிட்டால் இந்த வண்டிக்கு மின் சாமான் செய்த லூகாஸ்தான். அந்தக் கம்பெனியை "இருட்டின் இளவரசன்" என்று சும்மாவா சொன்னார்கள் 😄

பழைய ஒயர்மேன் (ஈசூன்):

தம்பி, டேஷ்போர்டில் கை வைக்காதீர்கள். வயரிங் மாற்றும் பேச்சே வேண்டாம். நான் பஸ் பட்டறையில் ஒயரிங் பார்த்து ஓய்வு பெற்றவன். முழு வண்டியும் ஒரே நொடியில் செத்தால் காரணம் தடித்த வயரில்தான் இருக்கும், மெல்லிய வயரில் இருக்காது.

உங்கள் வண்டியில் மொத்தமே இரண்டு பியூஸ். முகப்பு விளக்குக்கு பியூஸே கிடையாது. இக்னிஷன் சுவிட்சைத் தொடாமலேயே அது எரியும். அதுவும் சேர்ந்து அணைந்தது என்றால் பியூஸும் சுவிட்சும் குற்றவாளி இல்லை. என்ஜினுக்கும் பாடிக்கும் நடுவே போகும் எர்த் பட்டையும் இல்லை. அது அறுந்தால் ஸ்டார்ட்டர்தான் சுற்றாது, விளக்கு எரியும். மிச்சம் இருப்பது இவ்வளவுதான்: பேட்டரியின் இரண்டு முனைகள், பிளஸ்ஸிலிருந்து பாடிக்குப் போகும் பின்னல் பட்டை, மைனஸிலிருந்து சோலினாய்டுக்கு (ஸ்டார்ட்டருக்குக் கரண்ட் விடும் பெரிய சுவிட்ச்) போகும் கேபிள், அதே சோலினாய்டு போல்ட்டிலிருந்து கிளம்பும் பிரவுன் வயர். பிரவுன் என்றால் லூகாஸ் கணக்கில் பேட்டரியிலிருந்து நேராக வரும் வயர். எல்லாமே பானெட்டைத் திறந்தால் கைக்கு எட்டும் இடம்.

மீட்டர் 12.6 காட்டியதை நம்பாதீர்கள். மீட்டர் இழுக்கும் கரண்ட் ஒன்றுமே இல்லை. தீபாவளிக்கு முந்தின ராத்திரி உட்லண்ட்ஸ் சோதனைச் சாவடியில் ஒரே ஒரு தடம் திறந்திருந்தாலும் தனியாக வரும் ஒருவர் போய்விடுவார், கூட்டம் போகாது. முகப்பு விளக்கு இரண்டும் சேர்ந்து 7, 8 ஆம்பியர் கேட்கும். ஸ்டார்ட்டர் 100ஐத் தாண்டும். பூத்துப்போன மூட்டு சின்னச் சிவப்பு விளக்கைத் தாங்கும், சோலினாய்டு இழுத்ததும் கைவிட்டுவிடும். கொஞ்ச நேரம் விட்டால் ஆறி மறுபடி ஒட்டிக்கொள்ளும். நீங்கள் தே குடித்துவிட்டு வந்தபோது நடந்தது அதுதான்.

இப்போது செய்ய வேண்டியது: வண்டி செத்த நிலையில் இருக்கும்போதே முகப்பு விளக்கு சுவிட்சை ஆனில் விடுங்கள். மீட்டரின் ஒரு முள்ளை பேட்டரியின் ஈயக் கட்டையிலேயே குத்துங்கள், கிளாம்பில் வைக்கக் கூடாது. இன்னொரு முள்ளை அந்தக் கட்டையைப் பிடித்திருக்கும் கிளாம்பில் வையுங்கள். நல்ல மூட்டு என்றால் 0.1 வோல்ட்டுக்குள் இருக்கும். 11, 12 என்று காட்டினால் ஆள் அங்கேதான் உட்கார்ந்திருக்கிறான். பூஜ்யம் என்றால் அடுத்த மூட்டுக்குப் போங்கள்: கிளாம்ப்புக்கும் பட்டைக்கும் நடுவே, பட்டைக்கும் பாடிக்கும் நடுவே, அப்புறம் மைனஸ் பக்கம் இதே மாதிரி.

கழற்றும்போது எர்த் பக்கம்தான் முதலில். உங்கள் வண்டியில் அது பிளஸ், மறக்காதீர்கள். மோதிரம், வாட்ச் கழற்றிவிட்டு இறங்குங்கள்.

வெஸ்பா தம்பிக்கு: நம் ஊர் ஈரக்காற்றில் 60 வருஷம் வியர்த்த இரும்புக்கு லூகாஸ் என்ன செய்யும்?

பச்சை மைனர்:

அண்ணே, மைனஸ் பக்கம் எல்லாம் சுத்தம். பிளஸ் கட்டைக்கும் கிளாம்ப்புக்கும் நடுவே 11.8! நடுவில் ஒரே ஒரு திருகு வைத்த பழைய தொப்பி மாதிரிக் கிளாம்ப் அது. மேலே பளபளவென்று இருந்தது. கழற்றிப் பார்த்தால் உள்சுவர் முழுக்கச் சாம்பல் நிறப் பொடி. கட்டையைத் தொட்டுக்கொண்டிருந்தது அந்தத் திருகின் நுனி மட்டும்தான். உப்புத்தாள் போட்டு இரண்டையும் தேய்த்து, மாட்டிய பிறகு மேலே வாசலின் பூசினேன். சாவியைத் திருப்பியதும் பிடித்துக்கொண்டது. அப்பா கேட்ட முதல் கேள்வி, "அந்தப் பட்டறைக்காரன் எவ்வளவு கேட்டான்?"

இன்னொன்று. டேஷ்கேம் போட ஆசை. 12 வோல்ட் சாக்கெட் ஒன்று வாங்கி டேஷ்போர்டில் பொருத்தலாமா? பேட்டரியைத் துண்டிக்கும் சுவிட்சும் போட்டால் நல்லதுதானே?

பழைய ஒயர்மேன்:

அந்தத் தொப்பியைத் தூக்கிப் போட்டுவிட்டு, கட்டையைச் சுற்றி இறுக்கும் கிளாம்ப் போடுங்கள். தேய்த்தது தற்காலிகம்தான். சுவிட்ச் போடலாம், எர்த் பக்கம் போடுங்கள். மாதக்கணக்கில் நிற்கும் வண்டிக்கு அது அவசியம். ஆனால் அதுவும் இன்னும் இரண்டு மூட்டு. மாட்டியதும் அதையும் விளக்கைப் போட்டு அளந்து பாருங்கள்.

சாக்கெட் விஷயத்தில் கவனம். கடையில் வாங்கும் சாக்கெட்டின் வெளிக்கூடு மைனஸ். உங்கள் டேஷ்போர்டுத் தகடு பிளஸ். கூட்டைத் தகட்டில் திருகினால் நேரே ஷார்ட், அதுவும் பியூஸ் இல்லாத வயரில் எடுத்தால் புகைதான்.

மைனர் பைத்தியம் (கேலாங்):

இதற்காகவே நான் நெகட்டிவ் எர்த்துக்கு மாற்றிவிட்டேன். பேட்டரியைத் திருப்பி வைத்து, இக்னிஷன் காயிலின் இரண்டு வயர்களை இடம் மாற்றி, டைனமோவின் எஃப் (ஃபீல்டு) முனையில் வயரைக் கழற்றிவிட்டு பேட்டரியின் லைவ் (பாடியில் சேராத) வயரை ஒரு கணம் தொட்டு எடுத்தால் டைனமோவும் திரும்பிக்கொள்ளும். ஒரு மதிய நேர வேலை.

பழைய ஒயர்மேன்:

செய்யலாம். ஆனால் பானெட்டுக்குள் பெரிதாக எழுதி ஒட்டாமல் விட்டால், புத்தகத்தைப் பார்த்து ஜம்ப் கொடுக்க வருகிற அடுத்த ஆள் தலைகீழாக மாட்டுவான். ஒரு டேஷ்கேமுக்காக நான் செய்ய மாட்டேன். சிம் லிம் டவரில் 12 வோல்ட்டை 5 வோல்ட்டாக்கும் கன்வெர்ட்டர் கிடைக்கும். உள்ளே வருவதும் வெளியே போவதும் தனித்தனியாகப் பிரிக்கப்பட்ட வகைதானா என்று கேட்டு வாங்குங்கள். பிளாஸ்டிக் பெட்டியில் வைத்து, 2 ஆம்பியர் பியூஸ் ஒன்றை மைனஸ் வயரில் போடுங்கள். பிளஸ் வயரில் போட்டுப் பிரயோஜனம் இல்லை, உங்கள் வண்டியில் லைவ் மைனஸ்தான்.