ஜாகுவாரில் அஸ்திரா மாட்டினால் என்ன?

கேள்வி: டாரின்-3 என்ற மின்னணு மேம்பாட்டுத் தரத்துக்கு உயர்த்திய ஜாகுவார் போர்விமானத்தில் எல்டா 2052 ஏசா ரேடார் (கற்றையை மின்னணு முறையில் திருப்புவது) வந்துவிட்டது. விமானத்திலிருந்து விமானத்தைத் தாக்கும் அஸ்திரா மார்க்-1 ஏவுகணை நம் தயாரிப்பு, 110 கி.மீ. போகும் என்கிறார்கள். பிறகு ஏன் அதற்குக் கிட்டத்தூர ஏஸ்ராம் ஏவுகணை மட்டும்? மிராஜ் 2000, மிக்-29க்கும் இதையே மாட்டலாமே?

பதில் 1: ஜாகுவாரில் முதல் தடை இடம்தான். இறக்கைக்கு மேலே ஏவுகணையை மாட்டும் தண்டு 89 கிலோ மேஜிக் ஏவுகணைக்காக வந்தது. ஏஸ்ராம் 88 கிலோ, அப்படியே உட்கார்ந்துகொண்டது. அஸ்திரா 154 கிலோ, நீளம் மூன்றரை மீட்டருக்கு மேல். இறக்கைக்குக் கீழே உள்ள பைலானில் (ஆயுதம் தொங்கவிடும் தாங்கி) மாட்டினால் குண்டுக்கோ எரிபொருள் தொட்டிக்கோ இடம் போகும். தரைத்தாக்குதல் விமானத்திடமிருந்து அதன் வேலையையே பிடுங்குவது அது.

அந்த 110ஐயும் அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். அஸ்திராவை உருவாக்கிய டிஆர்டிஓ ஒருமுறை சொன்ன கணக்கு: 15 கி.மீ. உயரத்தில் ஏவினால் 110, 8 கி.மீ. உயரத்தில் 44, கடல்மட்டத்தில் 21. கீழே காற்று அடர்த்தி, மோட்டார் அணைந்ததும் வேகம் மளமளவென்று விழும். ஜாகுவார் பறப்பதே தாழ்வாகத்தான். அடோர் எஞ்சினுக்குச் சுமையோடு மேலே ஏறும் தெம்பும் குறைவு.

பதில் 2: ரேடார் இலக்கைப் பார்த்தால் மட்டும் போதாது, ஏவிய பிறகு ஏவுகணையோடு பேசவும் வேண்டும். கடைசிக் கட்டத்தில்தான் சீக்கர் (ஏவுகணையின் மூக்கில் இலக்கைத் தேடும் கருவி) விழிக்கும், அதுவரை விமானம் டேட்டா லிங்கில் (ரேடியோத் தொடர்பில்) இலக்கின் புது இடத்தை அனுப்பிக்கொண்டே இருக்கணும். அது அறுந்தால்? நொடிக்கு 250 மீட்டர் வேகத்தில் போகிற எதிரி திசை திரும்பினால் 30 நொடியில் 7.5 கி.மீ. தள்ளி இருப்பான். சீக்கர் கண் திறக்கும்போது எதிரே வெறும் வானம்.

மிராஜில் சிக்கல் இங்கேதான். ஆர்டிஒய்-2 ரேடாரும் மிஷன் கம்ப்யூட்டரும் பிரெஞ்சுக்காரர்களுடையவை. அவர்கள் மென்பொருளைத் திறந்துவிடாமல் அஸ்திராவுக்கான செய்தி வடிவத்தை உள்ளே நுழைக்க முடியாது. 112 கிலோ பிரெஞ்சு மைக்கா ஏவுகணை ஏற்கெனவே அதில் நன்றாகப் பொருந்தியிருக்கிறது. சுமார் 50 விமானங்களுக்காக அதைக் கலைப்பது வீண் என்பது என் கருத்து.

கேட்டவர்: அப்போ மிக்-29?

பதில் 1: பழைய விமானங்களில் பணம் போடத் தகுந்தது அதுதான். அது சுமக்கும் ஆர்-77 ஏவுகணை 175 கிலோ, ஆகவே எடை பிரச்சினையே இல்லை. உயரமும் வேகமும் உண்டு, அஸ்திராவின் முழு வீச்சும் கிடைக்கும். மிச்ச வேலை அதன் ஜுக் ரேடாரோடு இணைப்பதும் லாஞ்சரும் (ஏவுகணையைத் தாங்கி ஏவும் கருவி).

ஆனால் ஒரு வருடத்தில் முடியும் என்று நினைக்காதீர்கள். முதலில் டம்மியைச் சுமந்து பறந்து அதிர்வு பார்க்கணும், அடுத்து விமானத்தில் உரசாமல் பிரிகிறதா என்று, அதன்பிறகுதான் ஆளில்லா இலக்கு மேல் ஏவுதல். சுகோய்-30ல் அஸ்திராவின் முதல் ஏவுதல் மே 2014, பயனர் சோதனைகள் முடிந்தது செப்டம்பர் 2019.