பி5-ல் சிக்கு கோலம்: இழை சேரமாட்டேங்குது, புள்ளியும் காணோம்

நெளிவு எழுதியது:

பி5.ஜேஎஸ்-ல் (உலாவியில படம் வரையற ஜாவாஸ்கிரிப்ட் நூலகம்) 5×5 நேர் புள்ளி சிக்கு கோலத்தைத் தானாகவே வரையவைக்கணும், கல்லூரி ப்ராஜெக்ட். கேன்வாஸ் 600×600, புள்ளிக்குப் புள்ளி 60 பிக்ஸல். ஒவ்வொரு புள்ளிக்கும் நாலு பக்கம். ஒரு பக்கம் "திறப்பு"ன்னா இழை அடுத்த புள்ளியோட பின்னும், "அடைப்பு"ன்னா வளைஞ்சு திரும்பிடும். டிரா ஃபங்ஷனுக்குள்ள ஒவ்வொரு புள்ளியா போய், பக்கத்துக்கு 0 முதல் 1 வரை ஒரு ராண்டம் எண் எடுத்து, 0.5-க்குக் கீழ வந்தா திறப்புன்னு வச்சிருக்கோம்.

இப்ப இருக்கற கோளாறு:
- கோலம் ஒரு நொடிகூட நிக்காம துடிக்குது.
- சில இடத்துல ஒரு புள்ளியோட இழை கிளி மூக்கு மாதிரி கூரா முட்டி நிக்குது, பக்கத்துப் புள்ளி அதைக் கண்டுக்காம வளைஞ்சு போயிடுது.
- நேர்கோடும் வளைவும் சேரவேண்டிய இடத்துல விட்டுப்போகுது.
- புள்ளியை முதல்ல வச்சுட்டுத்தான் இழை போடறோம், ஆனா பாதி புள்ளி மறைஞ்சிடுது.

அடைப்புக்குக் கொடுத்திருக்கறது: ஆர்க்(0, 0, 60, 60, -45, 45), வளைவு போடற ஃபங்ஷன். ஆங்கிள்மோட் டிகிரீஸ்னு (கோணத்தை டிகிரியில எடுத்துக்கும்) மாத்தியாச்சு, அதனால கோணத்துல தப்பு இருக்காதுன்னு நினைக்கிறோம்.

சுழி எழுதியது:

துடிப்புக்குக் காரணம் எளிது. டிரா வழக்கமா நொடிக்கு 60 தடவை ஓடும், ஒவ்வொரு தடவையும் புதுசா சீட்டு (ராண்டம் எண்) எடுத்தா ஒவ்வொரு தடவையும் வேற கோலம்தான் வரும். ராண்டம் எல்லாத்தையும் தொடக்கத்துல ஒரே தடவை ஓடற செட்டப்புக்குக் கொண்டுபோய் ஒரு பட்டியல்ல போட்டு வைங்க. டிரா அந்தப் பட்டியலைப் படிச்சு வரையறதோட நிக்கட்டும். செட்டப் கடைசியில நோலூப், டிரா திரும்பத் திரும்ப ஓடாது. புதுக் கோலம் வேணும்னா விசைப்பலகையில ஒரு சாவியை அழுத்தினதும் பட்டியலை மறுபடி நிரப்பி ரீடிரா (டிராவை ஒரு தடவை ஓட்டும்). நிரப்பறதுக்கு முன்னாடி ராண்டம்சீட்ல ஒரு எண் கொடுத்து (அதே எண் கொடுத்தா அதே ராண்டம் வரிசை வரும்), அதே எண்ணைப் படத்தோட கோப்புப் பெயர்லயும் சேர்த்துடுங்க. நல்லா வந்த கோலம் திரும்பக் கிடைக்க அதுதான் எளிய வழி.

கிளி மூக்குதான் முக்கியமான தப்பு. திறப்பா அடைப்பாங்கறது புள்ளியோட குணம் இல்லை, ரெண்டு புள்ளிக்கு நடுவுல இருக்கற இடத்தோட குணம். நீங்க 12-ம் புள்ளியோட வலப்பக்கத்துக்கு ஒரு சீட்டு, 13-ம் புள்ளியோட இடப்பக்கத்துக்கு வேற சீட்டு எடுக்கறீங்க. ரெண்டும் ஒத்துப்போகலைன்னா மூக்கு முளைக்கும். இடத்துக்கு ஒரே சீட்டு எடுங்க: வலப்பக்க இணைப்புக்கு 5×4 பட்டியல், கீழ்ப்பக்க இணைப்புக்கு 4×5 பட்டியல், ஆக மொத்தம் 40 இடம். இடப்பக்கம் வேணும்னா இடது புள்ளியோட வலத்தைப் பாருங்க, மேல்பக்கம் வேணும்னா மேல் புள்ளியோட கீழைப் பாருங்க. வெளி ஓரம் முழுக்க எப்பவும் அடைப்பு.

(40 இடம், ஒவ்வொண்ணுக்கும் ரெண்டு வாய்ப்பு. கிட்டத்தட்ட 1.1 லட்சம் கோடி கோலம். மார்கழி முழுக்கப் போட்டாலும் தீராது.)

கம்பிவளைவு எழுதியது:

மத்த ரெண்டும் ஆர்க்ல இருக்கு.

புள்ளி மறையறது: பி5-ல் நிரப்பு நிறம் தொடக்கத்துலயே வெள்ளை. ஆர்க் ஓரத்துல வளைகோடு மட்டும் தெரிஞ்சாலும், உள்ளே மையம் வரைக்கும் பிட்சா துண்டு மாதிரி வெள்ளை பூசிடும். மையத்துலதான் உங்க புள்ளி இருக்கு. இழை போடறதுக்கு முன்னாடி நோஃபில் போடுங்க, உள்ளே பூசாது.

இழை விட்டுப்போறது: ஆர்க்ல மூணாவது, நாலாவது எண் அகலமும் உயரமும், அதாவது விட்டம். நீங்க 60 கொடுத்ததால ஆரம் 30 ஆகுது. இங்க வேண்டிய ஆரம் அது இல்லை. சிக்கு கோலத்துல இழை ரெண்டு புள்ளிக்கு நடுவுல 45 டிகிரியில குறுக்கே போகணும். புள்ளியை (0, 0)-ன்னு வச்சா வலப்பக்கப் பின்னல் (30, 0)-ல விழும். அங்கிருந்து 45 டிகிரியில உள்ளே வர்ற கோடு, புள்ளியைச் சுத்தின வட்டத்தை வெட்டாம தொட்டுக்கிட்டுப் போகணும்னா ஆரம் 30 ÷ √2 = 21.21. தொடற இடம் சரியா (15, -15), (15, 15). உங்க வளைவு முடியறது (21.2, 21.2)-ல, கோடு முடியறது (15, 15)-ல. நடுவுல கிட்டத்தட்ட 8.8 பிக்ஸல் இடைவெளி, அதுதான் கண்ணுக்குத் தெரியுது.

அதனால ஆர்க்குக்குக் கொடுக்கவேண்டிய விட்டம், இடைவெளி ÷ √2. 60-க்கு 42.43. எண்ணை நேரடியா எழுதாம கணக்காவே எழுதுங்க, நாளைக்கு இடைவெளியை 45 ஆக்கினாலும் கெடாது.

இப்படிப் பார்த்தா ஒவ்வொரு புள்ளியைச் சுத்தியும் நாலு மூலைப்புள்ளி, (±15, ±15), எப்பவும் இழை மேலேயே இருக்கும். பக்கம் அடைப்புன்னா ரெண்டு மூலைக்கு நடுவுல கால்வட்டம். திறப்புன்னா (15, -15)-லிருந்து (30, 0)-க்கு ஒரு கோடு, அங்கிருந்து (15, 15)-க்கு ஒரு கோடு. வேற வடிவமே தேவையில்லை: தனி வட்டம், சொட்டு, கண், நாலு பக்கமும் திறந்த சாய்சதுரம் எல்லாம் இதுலயே வந்துடும். திரையில ஒய் கீழ்நோக்கிக் கூடும், அதனால கோணம் கடிகாரச் சுத்து: வலம் -45 முதல் 45, கீழ் 45 முதல் 135, இடம் 135 முதல் 225, மேல் 225 முதல் 315. ஒவ்வொரு புள்ளிக்கும் டிரான்ஸ்லேட் பண்றப்ப (தொடக்கப் புள்ளியை நகர்த்தறது) அதைப் புஷ், பாப் ரெண்டுக்கும் நடுவுல வைங்க, நகர்த்தினது பழைய இடத்துக்குத் திரும்பிடும், இல்லேன்னா நகர்த்தல் மேல நகர்த்தல் ஏறி மூணாவது புள்ளியே கேன்வாஸை விட்டுப் போயிடும்.

நெளிவு எழுதியது:

நாலும் சரியாயிடுச்சு, ரொம்ப நன்றி அண்ணா. இன்னும் ரெண்டு இருக்கு. ஒண்ணு, ஒரே இழையா முடியணும்னு மேம் சொல்றாங்க. எங்களுக்கு ஒரு தடவை 3 இழை வருது, ஒரு தடவை 6 வருது. ஒரே இழை வர்ற வரைக்கும் ராண்டம் எடுத்துக்கிட்டே இருக்கலாமா? ரெண்டாவது, 12 அங்குலத்துக்கு அச்சடிச்சா ஓரமெல்லாம் மங்கலா வருது.

சுழி எழுதியது:

எடுத்துக்கிட்டே இருக்கலாம், 5×5-ல எப்பவாவது கிடைக்கும். 15×15-க்குப் போனா உக்காந்து காத்திருக்கணும். அதைவிட, வந்த கோலத்தைத் திருத்தறது மேல்.

முதல்ல இழையை எண்ணணும். 25 புள்ளிக்கும் நாலு மூலை, ஆக 100 மூலை. மூலைகளை வடகிழக்கு, தென்கிழக்கு, தென்மேற்கு, வடமேற்குன்னு வைங்க. வலப்பக்கம் திறப்புன்னா இந்தப் புள்ளியோட வடகிழக்கு அடுத்த புள்ளியோட தென்மேற்குக்குப் போகும், தென்கிழக்கு அடுத்ததோட வடமேற்குக்கு. அடைப்புன்னா இந்தப் புள்ளிக்குள்ளேயே வடகிழக்கும் தென்கிழக்கும் சேரும், அடுத்த புள்ளிக்குள்ள வடமேற்கும் தென்மேற்கும். கீழ்ப்பக்கம் திறப்புன்னா தென்கிழக்கு கீழ்ப்புள்ளியோட வடமேற்குக்கு, தென்மேற்கு அதோட வடகிழக்குக்கு. ஒவ்வொரு மூலைக்கும் சரியா ரெண்டு வழிதான். வந்த வழியை விட்டுட்டு மத்த வழியில போய்க்கிட்டே இருங்க, தொடங்கின இடத்துக்கு வந்தா ஒரு இழை முடிஞ்சது. அந்த இழையோட எண்ணை வழியில பார்த்த மூலைக்கெல்லாம் எழுதிட்டு, எண் இல்லாத மூலையிலிருந்து அடுத்த இழையைத் தொடங்குங்க.

அப்புறம் அந்த 40 இடத்தையும் பாருங்க. ஒவ்வொரு இடத்துலயும் ரெண்டு இழைத்துண்டு இருக்கு. ரெண்டும் வெவ்வேற எண்ணா இருந்தா அந்த இடத்தைத் திருப்பிப் போடுங்க, திறப்பை அடைப்பா, அடைப்பைத் திறப்பா. எந்தப் பக்கம் திருப்பினாலும் ரெண்டு இழையும் ஒண்ணாயிடும். 6 இழைன்னா 5 திருப்பம், முடிஞ்சது. ரெண்டு துண்டும் ஒரே எண்ணா இருக்கற இடத்தைத் தொடாதீங்க, ஒரு இழை ரெண்டா உடையலாம். ஒவ்வொரு திருப்பத்துக்கு அப்புறமும் மறுபடி எண்ணுங்க, பழைய எண்ணை நம்பினா தப்பாகும்.

நிரல் சரியான்னு பார்க்க ஒரு வழி: 40 இடத்தையும் திறப்பாக்குங்க. அப்போ இழை எண்ணிக்கை, வரிசை எண்ணிக்கைக்கும் நெடுவரிசை எண்ணிக்கைக்கும் மீப்பெரு பொது வகுத்தி. 5×5-க்கு 5, 4×6-க்கு 2, 4×5-க்கு 1. இது வரலைன்னா மூலை இணைப்புல எங்கயோ இடம் மாறியிருக்கு, பெரும்பாலும் கீழ்ப்பக்கத்துல.

சமச்சீர் கோலமா இருந்தா இந்தத் திருத்தம் சமச்சீரைக் கெடுக்கும், அதையும் மேம்கிட்ட சொல்லிடுங்க. மரபுக் கோலங்கள்லயும் பல இழைக் கோலம் உண்டு, அது குறை இல்லை.

கம்பிவளைவு எழுதியது:

அச்சு: 12 அங்குலம், அங்குலத்துக்கு 300 பிக்ஸல்னா 3600 வேணும். உங்ககிட்ட இருக்கறது 600. கிரியேட்கேன்வாஸுக்கு முன்னாடி பிக்ஸல்டென்சிட்டி(6) போடுங்க. இடைவெளி, கோட்டுத் தடிமன் எதையும் மாத்தவேண்டாம், சேமிச்ச படம் 3600×3600 வரும். எதுவும் போடலைன்னா திரையைப் பொறுத்து மாறும், உங்க கணினியில 600-ம் நண்பர் கணினியில 1200-ம் வர்றது அதனாலதான். நினைவகம் 50 எம்பிக்கு மேல எடுக்கும், பழைய போன்ல திறக்காதீங்க. படத்தைச் சேமிக்கற சேவ்கேன்வாஸை சாவி அழுத்தற ஃபங்ஷன்ல மட்டும் வைங்க. அது டிராவுல இருக்க, நோலூப்பும் விட்டுப்போனா டவுன்லோட்ஸ் ஃபோல்டர் ரொம்பிடும்.

இன்னொண்ணு, இழைக்கு ஒளி ஊடுருவற நிறம் கொடுத்தா ஒவ்வொரு இணைப்பிலயும் கருத்த முடிச்சு விழும், ரெண்டு துண்டோட நுனியும் அங்க ஒண்ணு மேல ஒண்ணு ஏறுது. ஒளி ஊடுருவாத நிறமே கொடுங்க. இல்லேன்னா சுழி சொன்ன வரிசைப்படி ஒரு இழை முழுசையும் ஒரே பிகின்ஷேப், எண்ட்ஷேப்புக்குள்ள (ஒரே வடிவமா சேர்க்கறது) வரைங்க. அதுல ஆர்க் வேலை செய்யாது. கால்வட்டத்தை 8 துண்டா வெட்டி காஸ், சைன் வச்சு ஒவ்வொரு புள்ளியையும் வெர்டெக்ஸா கொடுக்கணும்.

ப்ராஜெக்ட் அறிக்கையில முன்னோடி ஆய்வுன்னு எழுத: சென்னை கிறித்தவக் கல்லூரியில கிஃப்ட் சிரோமணி, ராணி சிரோமணி, கமலா கிருத்திவாசன் மூணு பேரும் கோலத்தை அணி இலக்கணமா (கட்டங்கள்ல குறிகளை விதிப்படி அடுக்கறது) எழுதி 1974-ல் கட்டுரை வெளியிட்டாங்க.

நெளிவு எழுதியது:

எல்லாத்தையும் திறப்பாக்கிப் பார்த்தப்ப நீங்க சொன்ன எண்ணிக்கை வரலை. கீழ்ப்பக்கத்துல தென்மேற்கை வடமேற்கோட சேர்த்திருந்தோம். மாத்தினதும் 4×6-க்கு 2 வந்தது. இப்ப 15×15-ம் ஒரே இழையா முடியுது.