பின்சக்கர ஸ்போக் கம்பி திரும்பத் திரும்ப அறுகிறது: கோடியக்கரை வரை போக முடியுமா?

கேள்வி:
வணக்கம். மாமல்லபுரத்திலிருந்து கோடியக்கரை வரை கடலோர சைக்கிள் பயணம். சதுரங்கப்பட்டினம் டச்சுக் கோட்டை, ஆலம்பரைக் கோட்டை முடிந்து இப்போது புதுச்சேரியில் நிற்கிறேன். பின்சக்கரத்தில் இரண்டு கம்பி அறுந்துவிட்டது. இரண்டுமே செயின் பக்கம், ஹப் (சக்கர நடுக்குடம்) அருகே வளையும் கழுத்தில். பள்ளத்தில் எதுவும் இறக்கவில்லை, நல்ல தார்ச் சாலையிலேயே அறுந்தது. 32 கம்பி ரிம், 700×32 டயர், ரிம் பிரேக், 8 ஸ்பீடு கேசட் (பின்சக்கரப் பல்சக்கர அடுக்கு). பின் கேரியரில் மட்டும் 18 கிலோ. கடையில் ஒரு கம்பி மாற்றி ரிம்மின் கோட்டம் எடுத்தார்கள். அடுத்து அதன் பக்கத்துக் கம்பி போய்விட்டது. பாரம்தான் காரணமா?

பதில் 1:
பாரம் வேகப்படுத்தும், ஆனால் மூல காரணம் அது இல்லை நண்பரே. கழுத்தில் அறுந்தால் அது உலோகச் சோர்வு. சக்கரம் ஒவ்வொரு சுற்றிலும் தரையைத் தொடும் இடத்தில் கம்பியின் இழுவிசை குறைந்து, மேலே போனதும் திரும்புகிறது. கம்பி தளர்வாக இருந்தால் கழுத்து ஹப் துளைக்குள் அசையும்; லட்சக்கணக்கான அசைவுக்குப் பிறகு நுண்வெடிப்பு விழும். கம்பிகளை முறுக்கிய பிறகு கையால் நெரித்து ஹப்பில் பதிய வைக்காமல் விட்ட சக்கரங்களில் இது சீக்கிரமே வரும்.

அதனால்தான் ஒற்றைக் கம்பி மாற்றினால் தீராது. அந்தப் பக்கத்து 16 கம்பியும் ஒரே அளவு உழைத்தவை. பதினாறையும் மாற்றுங்கள்.

பதில் 2:
மேலே சொன்னது சரி. வாங்கும்போது கவனிக்க வேண்டியது: அறுந்த துண்டை வைத்து அளக்காமல், அதே பக்கத்தில் நல்ல கம்பி ஒன்றைக் கழற்றி, வளைவின் உட்புறத்திலிருந்து மரை முடியும் வரை மில்லிமீட்டரில் அளக்கவும். இடப்பக்கக் கம்பி பொதுவாக ஒன்றிரண்டு மி.மீ. நீளம் கூடுதல், அதை வைத்து வாங்கிவிடாதீர்கள். தடிமன் 2 மி.மீ., அதாவது 14 கேஜ். கடலோரத்துக்குத் துருப்பிடிக்காத எஃகுதான் வேண்டும். நாகம் பூசியது மங்கிய சாம்பல் நிறத்தில் இருக்கும், உப்புக்காற்றில் துருவேறும். காந்தம் வைத்துச் சோதிப்பது பயனில்லை, இழுத்து நீட்டிய துருப்பிடிக்காத கம்பியும் லேசாக ஒட்டும். நிப்பிள் (கம்பியை ரிம்மில் இறுக்கும் சிறு மரைமூடி) பித்தளையில் கேளுங்கள், அலுமினியம் உப்பில் அரித்து இறுகிக்கொள்ளும்.

கேசட்டைக் கழற்றாமல் செயின் பக்கக் கம்பி உள்ளே போகாது. அதைக் கழற்றும் லாக்ரிங் டூலும், கேசட் சுழலாமல் பிடிக்கும் செயின் விப்பும் உள்ள கடையாகத் தேடுங்கள்.

கேட்டவர்:
நன்றி அண்ணா. பக்கத்துக் கடையில் கேசட் டூல் இல்லை. வேறு கடை போகும்வரை ஓட்டலாமா? மாற்றும்போது நானே கூட இருந்து பார்க்க விரும்புகிறேன்.

பதில் 2:
மெதுவாக ஓட்டலாம். அறுந்த கம்பியைப் பக்கத்துக் கம்பியில் சுற்றி, டீரெய்லரில் (கியர் மாற்றும் கருவி) சிக்காதபடி டேப் ஒட்டுங்கள். செயின் பக்கம் அறுந்தால் ரிம் அந்த இடத்தில் இடப்பக்கம் சாயும். அதற்கு இருபுறமும் உள்ள இடப்பக்கக் கம்பி இரண்டையும் அரைச் சுற்றுத் தளர்த்தினால் கோட்டம் பெரும்பாலும் அடங்கும். பிரேக் கட்டை உரசினால் கேபிளைக் கொஞ்சம் விடுங்கள். நிறுத்த முன் பிரேக்கையும் நம்ப வேண்டியிருக்கும், வேகம் வேண்டாம். தண்ணீர், கருவி, கூடாரம் எல்லாவற்றையும் முன்பக்கம் மாற்றுங்கள்.

மாற்றும்போது ஒவ்வொன்றாகத்தான் கழற்ற வேண்டும், அப்போதுதான் பின்னல் குலையாது. தலை உள்ளே, தலை வெளியே என்ற வரிசையும், கடைசிக் குறுக்கில் கம்பி எதன் அடியில் போகிறது என்பதும் பழையபடியே இருக்கட்டும். மரையில் ஒரு சொட்டு எண்ணெய். எல்லாம் போட்ட பிறகு கால் சுற்றுக் கணக்கில் சீராக முறுக்கி, விரலால் சுண்டிக் கேளுங்கள்: ஒரே பக்கக் கம்பிகள் ஒரே சுருதியில் ஒலிக்க வேண்டும். இடப்பக்கம் தாழ்ந்து ஒலிப்பது இயல்பு, கேசட்டுக்கு இடம் விட்ட சாய்வு அது.

பிறகு, பலர் விட்டுவிடும் வேலை: இணையாகப் போகும் இரண்டிரண்டு கம்பிகளைக் கையுறையோடு பிடித்து அழுத்தமாக நெரியுங்கள், சக்கரம் முழுக்க. கழுத்து அப்போதுதான் ஹப்பில் பதியும். கோட்டம் திரும்பும், மறுபடி எடுங்கள்.

பதில் 3:
வழி பற்றி ஒன்று. பரங்கிப்பேட்டையிலிருந்து கரையோரமாகவே தெற்கே போகலாம் என்று நினைக்க வேண்டாம். வெள்ளாறு, கொள்ளிடம் முகத்துவாரங்கள் குறுக்கே நிற்கின்றன. சிதம்பரம் வந்து கொள்ளிடம் பாலம் தாண்டி, சீர்காழி, பூம்புகார் வழியாகத் தரங்கம்பாடி சேருங்கள். ஜனவரி, பிப்ரவரியில் வடகிழக்குக் காற்று தெற்கு நோக்கி முதுகில் தள்ளும், சக்கரத்துக்கும் சிரமம் குறைவு. அங்கே 1620இல் டேனியர் (டென்மார்க்காரர்) கட்டத் தொடங்கிய டான்ஸ்போர்க் கோட்டையைப் பார்க்கும்போது சைக்கிளை மணலில் உருட்டாதீர்கள். இரவில் நல்ல தண்ணீரில் ஈரத்துணியால் துடைத்து, செயினைக் காயவைத்து எண்ணெய் விடுங்கள்.

பதில் 1:
கம்பிக்குப் பணம் கொடுக்கும் முன் ரிம்மில் நிப்பிள் துளைகளைச் சுற்றிப் பாருங்கள். முடி இழை போல வெடிப்பு இருந்தால் புதுக் கம்பி போட்டுப் பயனில்லை, ரிம்மையோ முழுச் சக்கரத்தையோ மாற்றுங்கள். 36 கம்பி கிடைத்தால் நல்லது. வெடிப்பு இல்லையென்றால் மாற்றிய பின் முதல் 50 கி.மீ.க்குள் ஒருமுறை சுருதி பாருங்கள். வலப்பக்கத்துக்கு 2, இடப்பக்கத்துக்கு 2 என உபரிக் கம்பி எடுத்து, சீட் குழாயோரம் டேப் ஒட்டிக்கொள்ளுங்கள்.