எம்லேக் முறைக்குக் ‘கவைக்கற்றை’: ஒரு முன்மொழிவு

அனைவருக்கும் வணக்கம்.

தரவு மையங்களில் ஒரு சேவையகத்திலிருந்து புறப்படும் இணைப்புகள் இரண்டு சுவிட்ச்களில் (கணினிகளை வலையமைப்பில் சேர்க்கும் கருவிகளில்) பிரிந்து சேர்ந்தாலும், அவை ஒரே இணைப்பாக நடத்தப்படும் எம்லேக் முறைக்குத் தமிழில் என்ன பெயரிடுவது என்ற கேள்விக்கு, மார்த்தாண்டத்து ஐயா ‘இணைப்பு வடம்’ என்றும், நாகர்கோவில் பேராசிரியை அம்மையார் ‘கூட்டுச் சுவிட்ச்’ என்றும் சொல் தந்திருக்கிறார்கள். இரண்டும் கேட்க நன்றாக இருக்கின்றன. ஆயினும், தக்கலையில் நெட்வொர்க் பாடம் நடத்துகிறவன் என்ற முறையில், இரண்டுமே மாணவரைத் தவறான புரிதலில் கொண்டுவிடும் என்று கருதுகிறேன்.

முதலில் வடத்தைப் பார்ப்போம். தேங்காய்த் தும்பைத் திரித்துப் புரியாக்கி, புரிகளை முறுக்கிக் கயிறாக்குவதைப் பார்த்து வளர்ந்த நம் மாவட்டத்துப் பிள்ளைக்கு, எல்லாப் புரிகளும் சேர்ந்து ஒரே சுமையை இழுக்கும் என்பதே வடம் என்றவுடன் தோன்றும். பல இணைப்புகளை ஒன்றாகச் சேர்க்கும் இணைப்புத் திரட்டல் அப்படி வேலை செய்வதில்லை. அனுப்புநர், பெறுநர் முகவரிகளையும் முனை எண்களையும் கொண்டு ஒரு ஹேஷ் (அதே உள்ளீட்டுக்கு எப்போதும் அதே விடை தரும் எண்) கணக்கிட்டு, ஓர் உரையாடலைச் சேர்ந்த பொதிகள் (தரவுத் துண்டுகள்) அனைத்தையும் ஒரே கம்பியில்தான் சுவிட்ச் அனுப்புகிறது. இல்லையென்றால் பொதிகள் வரிசை மாறிப் போய்ச் சேரும். ஆகவே, தலா 10 கிகாபிட் வேகமுள்ள இரண்டு இணைப்புகளைச் சேர்த்தாலும், ஒரு பெரிய கோப்பை ஒரே உரையாடலாகப் படியெடுக்கும்போது கிடைப்பது 10 கிகாபிட்தான். பல உரையாடல்கள் நடக்கும்போதே 20 கிகாபிட்டின் பயன் தெரியும். ‘வேகம் ஏன் இரட்டிப்பாகவில்லை’ என்று ஒவ்வோர் ஆண்டும் வகுப்பில் எழும் கேள்விக்கு, வடம் என்ற சொல் எண்ணெய் ஊற்றும்.

எனவே அடிச்சொல்லாகக் ‘கற்றை’ பொருந்தும். கற்றையில் இழைகள் சேர்ந்திருக்கும், முறுக்கப்பட்டிருக்காது. 2000ஆம் ஆண்டில் ஐஇஇஇ பொறியாளர் அமைப்பின் 802.3ஏடி என வெளிவந்து, 2008இல் 802.1ஏஎக்ஸ் என்ற தனித் தரமாக மாறிய அடிப்படை முறைக்கு ‘இணைப்புக் கற்றை’ என்று சொன்னால் போதும். அலைக்கற்றையோடு குழம்பாதா என்று கேட்கலாம். முன்னொட்டு வேறாக இருப்பதால் குழப்பம் வராது என்றே நினைக்கிறேன்.

அடுத்தது ‘கூட்டுச் சுவிட்ச்’. அம்மையாரின் சொல் வேறொரு நுட்பத்துக்கு மிகச் சரியாகப் பொருந்துகிறது என்பதுதான் இடையூறு. பல சுவிட்ச்களைச் சிறப்புக் கம்பியால் பிணைத்து, ஒரே மூளையின் கீழ் இயக்கும் ஸ்டாக்கிங் முறைக்கு அதனை ஒதுக்கி வைக்கலாம். நாம் பெயர் தேடும் முறையில் மூளை இரண்டு. ஒவ்வொரு சுவிட்ச்சும் தன் மென்பொருளைத் தானே இயக்குகிறது; ஒன்றை நிறுத்தி மேம்படுத்தும்போது மற்றொன்று சேவையகத்தைத் தாங்கிக்கொள்கிறது. தரவு மையத்தார் ஸ்டாக்கிங்கை விட்டு இதனை விரும்புவதற்குப் பெரிய காரணம் இதுதான். சேவையகத்தின் கண்ணுக்கு மட்டும் இரண்டும் ஒன்றாகத் தெரியும்: இணைப்புகளைச் சேர்ப்பதற்காக இரு பக்கமும் பரிமாறும் எல்ஏசிபி செய்திகளில் இரண்டு சுவிட்ச்களும் ஒரே அமைப்பு அடையாளத்தை அனுப்புவதால், எதிரே ஒரே சுவிட்ச் இருப்பதாக அது நம்பிவிடுகிறது. சேவையகத்தில் இதற்கென்று தனியாக எதுவும் நிறுவ வேண்டியதில்லை.

ஓரிடத்தில் தொடங்கி இரு கிளையாகப் பிரியும் கற்றை என்பதால், ‘கவைக்கற்றை’ என்று முன்மொழிகிறேன். கவை என்றால் பிரிந்த கிளை. கவட்டை தெரிந்தவருக்கு விளக்கம் தேவையில்லை. ‘கவைக்குதவாத சொல்’ என்று யாராவது கேலி செய்வார்கள் என்பதும் தெரியும். அதற்காக நல்ல சொல்லை விடுவதற்கில்லை. சுவிட்ச் தயாரிக்கும் நிறுவனங்களில் சிஸ்கோ இதனை விபிசி என்றும், அரிஸ்டா எம்லேக் என்றும், ஜூனிப்பர் எம்சி-லேக் என்றும் அழைப்பதால், திருவனந்தபுரம் டெக்னோபார்க்குக்கு வேலைக்குப் போகும் நம் மாணவர்கள் இவற்றை மூன்று பாடங்களாக எண்ணிக்கொள்கிறார்கள். மூன்றுக்கும் பொதுவான ஒரு பெயர் அந்த மயக்கத்தைத் தீர்க்கும்.

இதனோடு சேர்ந்த சொற்களும் வேண்டும். இரு சுவிட்ச்களையும் நேரடியாகச் சேர்க்கும் பியர் லிங்க்கிற்குத் ‘துணை இணைப்பு’ வேண்டாம். துணை முதல்வர் போல இரண்டாம் நிலையைக் குறித்துவிடும். ‘கூட்டாளி இணைப்பு’ தெளிவாக இருக்கிறது. ஒவ்வொரு சுவிட்ச்சும் கற்றுக்கொண்ட மேக் முகவரிகள் (கருவிகளின் வன்பொருள் முகவரிகள்) இதன் வழியே பரிமாறப்படுகின்றன. இதன் வழியே வந்த பொதியைக் கவைக்கற்றையின் முனைகளில் திரும்ப வெளிவிடக் கூடாது என்ற விதியையும் இங்கேதான் கற்பிக்க வேண்டும். மற்றொரு சுவிட்ச்சின் கிளை அறுந்திருந்தால் மட்டுமே அதற்கு விலக்கு. விதி இல்லாவிட்டால், எல்லோருக்குமான ஒரே அறிவிப்பு சேவையகத்துக்கு இருமுறை வந்து சேரும்.

ஒரு சுவிட்ச் உயிரோடு இருக்கிறதா என்று மற்றொன்று அறிய அனுப்பப்படும் கீப்பலைவுக்கு ‘இருப்பறிவிப்பு’ எனலாம். இரண்டு சுவிட்ச்களில் ஒன்று முதல் நிலை, மற்றது இரண்டாம் நிலை. கூட்டாளி இணைப்பு மட்டும் அறுந்து இருப்பறிவிப்பு வந்துகொண்டிருந்தால், இரண்டாம் நிலைச் சுவிட்ச் தன் பக்கத்துக் கவைக்கற்றை முனைகளைத் தானே மூடிக்கொள்ளும். போக்குவரத்து முழுவதும் முதல் நிலைச் சுவிட்ச்சுக்குப் போய்விடும். இரண்டும் ஒருசேர அறுந்தால், இரு சுவிட்ச்களும் தாமே முதல்வர் என்று நடந்துகொள்ளும். அந்த நிலைக்கு ‘இருதலைமை’ என்பது என் பரிந்துரை. இருப்பறிவிப்பைக் கூட்டாளி இணைப்பின் கம்பியிலேயே அனுப்பாமல், மேலாண்மை முனை போன்ற தனி வழியில் அனுப்பச் சொல்வது இதற்காகத்தான்.

ஒன்று மட்டும் எனக்கு இன்னும் பிடிபடவில்லை. இரட்டைச் சுவிட்ச்களில் ஏதாவது ஒன்றோடு மட்டும் சேர்க்கப்பட்ட கருவியின் முனையை சிஸ்கோ ஆவணங்கள் அநாதை என்ற பொருள்படும் ஆங்கிலப் பெயரால் சுட்டுகின்றன. அதனை அப்படியே தமிழாக்க மனம் வரவில்லை. பொருளும் முழுமையாக இல்லை. கூட்டாளி இணைப்பு அறும்போது, இரண்டாம் நிலைச் சுவிட்ச்சை மட்டும் நம்பியிருக்கும் கருவிதான் பிறவற்றோடு பேச வழியின்றிப் போகிறது. ஆகவே அந்த ஆபத்தைப் பெயரே சொல்லிவிட வேண்டும். ‘ஒற்றைச்சார்பு முனை’ என்று இப்போதைக்குப் பாடக்குறிப்பில் எழுதியிருக்கிறேன். இதைவிடச் சுருக்கமான சொல் ஐயாவுக்கோ அம்மையாருக்கோ தோன்றினால் தெரிவிக்க வேண்டுகிறேன்.