தரங்கம்பாடியில் ஒரு மே மாத மதியம்

என் தப்பை முதலில் சொல்லிவிடுகிறேன். அக்னி நட்சத்திரத்தில், காலை பதினொரு மணிக்குத் தரங்கம்பாடியில் போய் இறங்கினேன். கடற்கரை ஊர்தானே, காற்று வரும் என்ற தைரியம். வந்தது, மேற்கே நிலத்துப் பக்கமிருந்து, அடுப்படியில் நிற்பது போல.

1792-ல் கட்டிய நகர வாசலின் நிழலில் இரண்டு நிமிடம் நின்றேன். அப்புறம் ராஜ வீதியில் நேராக நடை. 1706-ல் வந்து இங்கேயே தமிழில் புதிய ஏற்பாட்டை அச்சிட்ட சீகன்பால்கு என்ற ஜெர்மன் பாதிரியாரின் தேவாலயத்தை வெளியில் இருந்தே பார்த்தேன். வெயிலில் வரலாறு மண்டையில் ஏறவில்லை.

டேனிஷ் கோட்டைதான் காப்பாற்றியது. 1620-ல் தஞ்சை ரகுநாத நாயக்கரிடம் அனுமதி வாங்கிக் கட்டியது. முற்றம் கொதித்தாலும், அந்தத் தடித்த சுவர்களுக்கு உள்ளே அறைகளில் சூடு பாதிதான். அருங்காட்சியகத்தில் ஒவ்வொரு பொருளையும் இரண்டு முறை பார்த்தேன். ஆர்வம் என்று சொல்ல ஆசைதான். உண்மையில் வெளியே போகப் பயம்.

சாப்பிட்டுவிட்டு மாசிலாமணிநாதர் கோயில் பக்கம் போனேன். 1306-ல் பாண்டியர் காலத்தில் எழுந்த கோயில். முன்பகுதியைக் கடல் தின்றுவிட்டது. அருகே ஓலைக் கொட்டகையில் ஒரு பெரியவர் வலையைக் கால் கட்டைவிரலில் மாட்டி இழுத்துப் பிடித்துக்கொண்டு, கிழிசலைத் தைத்துக்கொண்டிருந்தார். மீன்பிடித் தடைக்காலம், 61 நாள் விசைப்படகு போகாது. அதனால் வலை வேலை.

"இந்த நேரத்துல யாராவது வருவாங்களா தம்பி? உக்காருங்க" என்றார். தண்ணீர் கொடுத்தார். கோயில் எதுவரை இருந்தது என்று கேட்டேன். ஊசியால் அலைக்கு அந்தப் பக்கம் காட்டினார். "எங்க தாத்தா அங்க மண்டபத்துல படுத்துத் தூங்குவாராம்."

"கடக்காத்து ஏன் வரல?"

"மேலக்காத்து அமரணும்ல. அது தள்ளிக்கிட்டே இருக்கும்போது இது எப்படி ஏறும்? இருங்க, வரும்."

பேச்சு மகன், டீசல் விலை, வலை விலை என்று போனது. மூன்று மணி இருக்கும், மடியில் கிடந்த வலையின் ஓரம் லேசாக எழும்பி அசைந்தது. அவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "ம், வந்துருச்சு. இப்பப் போய் கோட்டையைப் பாருங்க."

மறுபடியும் போனேன்.